அன்னாசி விவசாயியின் தோட்டத்தில் மிதக்கும் விளக்குகள்

முன்னோர்கள் கோடையில் சில நாள்கள் வீட்டுக்கு வந்துபோவார்கள் என்பது ஜப்பானியர்களின் நம்பிக்கை. அதுதான் ஓபோன் பண்டிகை. முடிவில் காகித விளக்குகளைத் தண்ணீரில் விட்டு அவர்களை வழியனுப்புவார்கள்.

அமெரிக்காவிலும் இதைப் பார்க்கலாம்! ஃப்ளோரிடா மாகாணம், டெல்ரே பீச்சில் உள்ள மொரிகாமி பூங்காவில் அக்டோபரில் விளக்குத் திருவிழா. டைகோ மேளம் அதிர, வட்டமாக ஆடுகிறார்கள். இருட்டியதும், மறைந்த உறவுகளுக்குச் சொல்ல நினைத்ததைச் சீட்டில் எழுதி, விளக்கோடு நீரில் விடுகிறார்கள். ஜப்பானியராக இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவை இழந்த யாரும் எழுதலாம்.

நிலம் கொடுத்தவரின் கதைதான் மனதைப் பிசைகிறது. ஜப்பானின் மியாசு ஊரைச் சேர்ந்த சுகேஜி மொரிகாமி, 1906-ல் யமாட்டோ என்ற ஜப்பானியக் குடியிருப்புக்கு வந்தார். அங்கே அன்னாசிதான் பிரதானம். கியூபா அன்னாசி மலிவாக வந்து குவிய, இவர்களுக்கு நஷ்டம். ஒவ்வொருவராகக் கிளம்ப, இவர் மட்டும் தங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. சேர்த்த நிலத்தைப் பூங்காவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு 1976-ல் இறந்தார். அருங்காட்சியகம் திறந்தது 1977-ல்.

அவர் பிறந்த மியாசுவிலும் ஆகஸ்ட் 16 இரவு, கடலில் இதேபோல் விளக்குகள் மிதக்கின்றன.