டேட்டாபேஸில் படம் இல்லை

தாம்பரத்தில் பஸ் ஏறி முடிச்சூர் வழியாக மணிமங்கலத்தில் இறங்கினேன். ரோட்டோரம் ஒரு மாடி அறை. வாகன உதிரிபாகப் பட்டறை ஒன்றின் ஆபீஸ். அவர்களுடைய வேர்ட்பிரஸ் தளம் வேறு டொமைனுக்கு மாறியதிலிருந்து பல பொருட்களுக்குப் படம் வரவில்லை. தளத்தைக் கவனிக்கும் இளைஞர், டேட்டாபேஸைப் பார்க்க பிஹெச்பிமைஅட்மினைத் திறந்து வைத்திருந்தார்.

“படமெல்லாம் இந்த டேட்டாபேஸ்லதானே இருக்கு, தம்பி?” என்றார் முதலாளி.

“இல்ல சார். படம் அப்லோட்ஸ் ஃபோல்டர்ல இருக்கு. இங்க இருக்கறது அதோட முகவரிதான்.”

பக்கத்தின் உரை முழுவதும் ‘போஸ்ட் கன்டென்ட்’ என்ற ஒரே கட்டத்தில் குவிந்து கிடக்கிறது. இளைஞர் ‘லைக்’ என்ற தேடல் சொல்லைப் போட்டு, இமேஜ் டேக் உள்ள பக்கங்களை மட்டும் முதலில் பிரித்தார். அடுத்தது நறுக்கும் வேலை. டேகுக்குள் படத்தின் முகவரியைத் தாங்கும் ‘எஸ்ஆர்சி’ எங்கே என்று ‘லொகேட்’ காட்டுகிறது. அங்கிருந்து மேற்கோள் குறிகளுக்கு நடுவே உள்ளதை ‘சப்ஸ்ட்ரிங் இண்டெக்ஸ்’ வெட்டித் தருகிறது. முகவரிகள் மளமளவென்று இறங்கின. பலவற்றில் பழைய டொமைன் பெயர் அப்படியே இருந்தது. நோய் தெரிந்துவிட்டது.

சந்தேகத்துக்கு ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் மூன்று படங்களுக்கான இடம். பட்டியலில் ஒரே முகவரி. ‘லொகேட்’ முதலில் தட்டுப்படுவதோடு நின்றுவிடுமாம். இந்த டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8-இல் ‘ரெஜெக்ஸ்ப் சப்ஸ்ட்ரிங்’ உண்டு. எத்தனையாவது டேக் வேண்டும் என்று அதற்கு எண் கொடுக்கலாம். 2, 3 என்று மாற்ற மாற்ற, விட்டுப்போனவையும் வந்தன.

அப்போதும் பக்கங்களின் முகப்புப் படங்களைக் காணோம். அவை உரையில் டேகாக இருப்பதில்லை. ‘போஸ்ட்மெட்டா’ அட்டவணையில் ‘தம்ப்நெயில் ஐடி’ என்று வெறும் எண்ணாக இருக்கின்றன. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதே அட்டவணையில் ‘அட்டாச்டு ஃபைல்’ வரிக்குப் போனால்தான் கோப்பின் பெயர் கிடைக்கிறது.

“அப்ப லிஸ்ட்ல இல்லாத படத்தையெல்லாம் அழிச்சிடலாமா?” என்றார் முதலாளி.

“வேண்டாம் சார். லோகோ மாதிரி சிலதோட விவரம் அமைப்புகள் இருக்கற வேற டேபிள்ல இருக்கும்.”

இதுவரை ஓட்டிய ‘செலக்ட்’ கட்டளை படிக்க மட்டுமே செய்யும். எத்தனை முறை ஓட்டினாலும் எதுவும் கெடாது. அழிப்பது அப்படியல்ல. உங்கள் தளத்திலும் இந்த வேலை வந்தால், உரை, மெட்டா, அமைப்புகள் மூன்றையும் தேடி முடித்து, ஒரு பேக்கப்பும் எடுத்த பிறகே படங்களின் மேல் கை வையுங்கள்.