வலைப்பூ குடிபெயர்ந்த கதை

மலர்க்குழுவினர் எம்மிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரையொன்று. யாமோ கணினி வழங்கியைப் பற்றி எழுதப் புகுந்தோம். தமிழாசிரியனுக்கு இஃது ஏற்ற பொருளோ என நகைப்பாருமுளர். எனினும், நம் பழைய மாணவர் பலர் உள்ளூரிலுங் கடல் கடந்தும் வலைப்பூ எழுதி வருகின்றமையின், எமக்கு நேர்ந்தது அவர்க்குப் பயன்படும் என்னுந் துணிவினால் எழுதுகின்றோம்.

2011ஆம் ஆண்டு யாம் ஒரு வலைப்பூத் தொடங்கினோம். துலா, பட்டை, தட்டுவம், பிளா, நீற்றுப்பெட்டி, சங்கடப்படலை என முதியோர் நாவில் வழங்கி மாணவர் நாவில் அருகிவருஞ் சொற்களை ஊரூராய்ச் சென்று கேட்டுப் பொருளெழுதி வந்தோம். ஐந்தாண்டில் இருநூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. அவற்றைத் தாங்கிய வழங்கியை வாடகைக்குத் தந்தவர் பெயர் ஈண்டு வேண்டா. வாடகை மிக மலிவு. யாம் ஆராய்ந்தது அதுவொன்றே. 2016இல் ஒருநாட் காலை வலைப்பூத் திறக்கவில்லை. மடல் வரைந்தோம், மறுமொழியில்லை. தொலைபேசி மணி ஒலித்தது, எடுப்பாரில்லை. ஒரு கிழமை காத்திருந்தபின்னரே கடை மூடப்பட்டதென உணர்ந்தோம்.

ஒரு பரப்புக் காணி வாங்கினும், உறுதி எவர் பெயரில் முடிந்ததெனப் பன்முறை பார்க்குங் குணம் நம்மவர்க்குண்டு. வலைப்பூவின் முகவரிப் பெயரோ அவ்வுறுதி போன்றது. அதனை வழங்கிக்காரரே தம் பெயரிற் பதிந்துகொள்ள விட்டிருந்தோம். ஆதலின் பெயரும் போயிற்று. மாணவர் குறிப்பேடுகளில் எழுதிவைத்த முகவரியெல்லாம் ஆளில்லா வீட்டுப் படலையாயின.

எம் கையிலிருந்ததோ எட்டு மாதம் பழைய படியொன்று. அதனைப் புதியதோர் வழங்கியில் ஏற்றியபோது, தமிழெழுத்தெல்லாம் பொருளற்ற இலத்தீன் குறிகளாய்த் தோன்றின. எமது நெஞ்சு துணுக்குற்றது. எம்மிடம் முன்பு கற்ற மாணவரொருவர், இன்று கணினிப் பொறியியலாளர், அருகிருந்து விளக்கினார்: ஒருங்குறியில் அமைந்த தமிழ்க் குறியொன்று, யூ.ரி.எவ்-8 என்னும் முறையிற் சேமிக்கப்படுங்கால் மூன்று பைற்று இடங்கொள்ளும். தரவுத்தளம் அதனை இலத்தீன் எனக் கருதித் தனித்தனியே படித்தால் ஒன்று மூன்றாய்ச் சிதறும். படி பழுதுபடவில்லை, படித்த முறையே பிழை. முறையைத் திருத்தி மீண்டும் ஏற்ற, எழுத்துக்கள் உயிர்பெற்றன. கணினிக்கும் பாடபேதமுண்டு போலும்!

எட்டு மாதத்துப் பதிவுகள் முப்பத்தொன்று எஞ்சிய குறையாயின. உலகத்து வலைப்பக்கங்களை 1996 முதற் படியெடுத்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தில் அம்மாணவர் தேடிப் பத்தொன்பதை மீட்டுத் தந்தார். பன்னிரண்டு அகப்படவில்லை. அவற்றுள் நான்கு, கிணற்றிறைப்புச் சொற்களைப் பற்றி முதிய கமக்காரரொருவர் சொன்னவை. அவர் அதற்குள் சிவபதமடைந்துவிட்டார். குறிப்பேட்டில் எழுதாது நேரே தட்டெழுதிய எம் சோம்பலை எவர்மேற் சுமத்துவது?

நிறுவனம் பெரிதாயின் அச்சமில்லை என்பாருமுளர். யாகூவின் ஜியோசிற்றீஸ் எத்துணைப் பெரிது! 2009ஆம் ஆண்டு அதுவும் மூடப்பட, எண்ணிறந்த தனியார் பக்கங்கள் அழிந்தன. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுஞ் சுவடிகளும் எரிந்த ஊரிலிருந்துகொண்டு, ஒரே இடத்தை நம்பினோமே என்பதுதான் எமக்கு இன்றும் வெட்கம். 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடு தேடி அலைந்த அலைச்சலை வகுப்பிற் சொல்லிக்கொடுப்பவரும் யாமே.

2021இல் இரண்டாமுறை குடிபெயர்ந்தோம். இம்முறை யாமே விரும்பி. புதுப்பிக்கும் ஆண்டு வாடகை மும்மடங்காயது காரணம். முதலிற் பெயரை வேறொரு பதிவாளரிடம் எம் பெயரில் வைத்துக்கொண்டோம். பணங்கட்டுமுன் மூன்று வழங்கிக்காரர்க்கும் ஒரே வினாவை இரவில் எழுதினோம்: கோப்பும் தரவுத்தளமும் முழுவதையும் யாம் விரும்பியபோது படியெடுக்கலாமோ? ஒருவர் விளம்பரம் அனுப்பினார், ஒருவர் வாளாவிருந்தார், மூன்றாமவர் விடியுமுன் வழிமுறையே எழுதிவிட்டார். அவரிடமே சென்றோம். எல்லாவற்றையும் அங்கேற்றி, ஒவ்வொரு பதிவாய்த் திறந்து பார்த்து, அதன்பின்னரே முகவரியைத் திருப்பினோம். அம்மாற்றம் எங்கும் பரவ இரண்டு நாள் வரை செல்லக்கூடுமாதலின், பழைய இடத்தையும் ஒரு மாதம் விடாது வைத்திருந்தோம்.

இப்பொழுது மாத முடிவுதோறும் ஒரு படி பாடசாலை அலுமாரியிலும் ஒரு படி வீட்டிலும் வைக்கின்றோம். சென்ற தை மாதம் அக்கமக்காரரின் மகனைக் கண்டு, தந்தையார் வழங்கிய இறைப்புச் சொற்களைக் கேட்டோம். அவர் நெடுநேரம் நினைந்து ஏழு சொற்கள் சொன்னார். முதலிற் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.