வெள்ளத்தை விழுங்கிய வரி

பி.காம். படித்தவனுக்கு கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று ஏரல் பஜாரில் என்னைக் கேட்காத ஆள் குறைவு. "பத்திரிகைக்கு எழுதுவது அரிசிக்கு, கணக்குப் போட்டுக் கொடுப்பது பருப்புக்கு அண்ணாச்சி" என்பேன். அத்தோடு விட்டுவிடுவார்கள்.

கணக்கு என்றால் பேரேடு இல்லை. 'ஆர்' என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. புள்ளிவிவரத்துக்கென்றே பிறந்தது. முக்கியமாக, இலவசம். நமக்கு வேறென்ன வேண்டும்?

இந்த மொழியில் வேலை செய்வதெல்லாம் ஃபங்ஷன்கள். காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று நினைத்துவிடாதீர்கள். மாவு மில் மாதிரி. ஒரு பக்கம் எண்களைக் கொட்டினால் மறுபக்கம் விடை வரும். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அரைக்கும். சமயத்தில் கல்லையும் சேர்த்து அரைக்கும். அதுதான் கதை.

சென்னையிலிருந்து ஒருவர் எங்கள் சுற்றுவட்டாரத்தின் இருபது வருஷத்து தினசரி மழை அளவுகளை அனுப்பி, "ஒவ்வொரு வருஷமும் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை எவ்வளவு? பட்டியல் வேண்டும்" என்றார். 2019-ல் நான் எழுதி வைத்த ஃபங்ஷன் கையில் இருந்தது. ஓட்டினேன். அரை நொடியில் அழகான பட்டியல். பில் தொகையைக்கூட மனசுக்குள் போட்டுவிட்டேன்.

காபியோடு வந்த அம்மா திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதுல நம்ம வெள்ளம் வந்த வருசம் எது?"

2023-ஐக் காட்டினேன். அது பத்தோடு பதினொன்றாக, பரம சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"ஏல, அப்போ நம்ம பீரோ மிதந்தது? நான் வாளியில மோந்து ஊத்துன தண்ணியா?"

காபி தொண்டையில் நின்றது.

2023 டிசம்பர் 17-ம் தேதி பிடித்த மழையை இங்கே யாரும் மறக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான ஒரே நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலே அவ்வளவு தேறாது. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62. நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஒரு ரயிலே ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. தாமிரபரணி எங்கள் ஊருக்குள் வந்து கடை கடையாக ஏறி இறங்கினாள். என் வீட்டில் மார்பளவு தண்ணீர். அந்த ராத்திரி அம்மாவை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனவன் நான். அந்த வருஷத்தை 'ஒண்ணும் விசேஷமில்லை' என்று அச்சடித்துக் கொடுக்கப் போனவனும் நான்!

பிழை தேட உட்கார்ந்தேன். ஆர் மொழியில் ஃபங்ஷன் தடுக்கி விழுந்தால் கத்தும். கத்தினால் கவலையில்லை. 'டிரேஸ்பேக்' என்று அடித்தால், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது, எங்கே விழுந்தது என்று வரிசையாக ஒப்பித்துவிடும். என்னுடையதோ கத்தவே இல்லை. சிரித்த முகத்தோடு தப்பான விடை தந்தது. வீட்டிலும் ஆபீஸிலும் இப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதற்கு வேறு மருந்து, 'டிபக்'. அதைப் போட்டுவிட்டால் ஃபங்ஷன் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போகும். டவுன் பஸ்ஸை நிறுத்தி செக்கர் ஏறுகிற மாதிரி. எந்த எண் டிக்கெட்டோடு இருக்கிறது, எது காணாமல் போனது என்று சாவகாசமாகப் பார்க்கலாம். முதல் வரி தாண்டியபோது 946 இருந்தது. இரண்டாவது வரியிலும் இருந்தது. மூன்றாவது வரி தாண்டியதும் அந்த இடம் காலி.

மூன்றாவது வரி நானே எழுதியது. '500 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தட்டச்சுப் பிழை, அழித்துவிடு.' 2019-ல் யாரோ புள்ளியை விட்டுவிட்டு 12.5-ஐ 125 என்றும், 62.5-ஐ 625 என்றும் அடித்து வைத்த கடுப்பில் சேர்த்தது. ஒரே நாளில் 500-ஆ, அதுவும் நம்ம ஊரிலா என்ற தைரியம்!

இதைவிடப் பெரிய குற்றம் நாலாவது வரியில். எண்களில் ஒன்று காலியாக இருந்தாலும் ஆர் அதிகபட்சத்தைச் சொல்லாது. 'தெரியாது' என்று நேர்மையாகக் கையை விரித்துவிடும். நான்தான் 'காலியைக் கண்டுகொள்ளாதே' என்று உத்தரவு போட்டு அதன் வாயை அடைத்திருந்தேன்.

அக்கவுன்டன்சி வாத்தியார் முதல் வருஷமே சொன்னார்: "டிரையல் பேலன்ஸ் டேலி ஆச்சுன்னு குதிக்காதீங்கடா. எழுதாமலே விட்ட பில்லை அது காட்டிக் குடுக்காது." பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கினேன். வாழ்க்கையில் கோட்டை விட்டேன்.

இப்போது அந்த வரியை மாற்றிவிட்டேன். பெரிய எண் வந்தால் அழிக்காது. 'இதைப் பார்' என்று எச்சரிக்கை மட்டும் தரும். பக்கத்து ஊர் எண்களையும் கூடவே காட்டும். ஓர் ஊரில் 625, சுற்றிலும் 60 என்றால் புள்ளி தொலைந்திருக்கலாம். காயலில் 946, திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்றால் தொலைந்தது புள்ளியில்லை, எங்கள் தூக்கம். அதைத் தீர்மானிக்க வேண்டியது மனுஷன்.

திருத்திய பட்டியலை அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் போன்.

"சார், 2023-ல் 946-னு இருக்கே, டைப்பிங் மிஸ்டேக்தானே? தூக்கிடலாமா?"

"வேண்டாம் சார்" என்றேன். "எங்க வீட்டுச் சுவத்துல கோடு இன்னும் அழியாம இருக்கு. வந்து பாத்துட்டுத் தூக்குங்க."