கூடாரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வக்காலத்து

2025 ஜனவரியில் ஒரு ஞாயித்துக்கிழமை. நார்த் கரோலினா கேரியில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். என்னைவிட பத்து வயசு மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். உள்ளே நுழைஞ்சதுமே பஞ்சாயத்து. அவர் மகள் ட்யூக் யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம். துணி துவைக்க வீட்டுக்கு வந்தவள், பாஸ்கெட்பால் மேட்ச் பார்க்கிறதுக்காக ஹாஸ்டல் ரூமை விட்டுட்டு ராத்திரியில் புல்தரையில் டென்ட் போட்டுத் தூங்குறதை உளறிட்டா.

"நீயும் அங்க படிச்சவன்தானே, நீயே கேளுடா இவளை" என்று என்னை நடுவராக்கிவிட்டார். அவர் வைத்த குற்றச்சாட்டு மூணு.

1. வருஷத்துக்கு 90,000 டாலர் பக்கம் செலவு. படிக்க அனுப்பினேனா, பனியில படுக்க அனுப்பினேனா?
2. பணக்கார வீட்டுப் பிள்ளைங்க மூஞ்சியில நீலச் சாயம் பூசிக்கிட்டு டிவி கேமராவுக்கு ஆடுற கூத்து இது.
3. எதிர்த்து ஆட வர்ற 19 வயசுப் பையனை ஆயிரம் பேர் சேர்ந்து கேலி பண்றது என்ன வீரம்?

முதல் இரண்டுக்கும் அங்கேயே பதில் சொல்லிட்டேன். மூணாவதுக்கு வாய் வரலை. அது மண்டையைக் குடைஞ்சதால்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. டர்ஹாமில் இருக்கும் ட்யூக்கின் கேமரன் அரங்கம் 1940-ல் திறந்தது. மொத்தமே 9,314 பேர்தான் கொள்ளும். பெரிய அணிகளின் அரங்கங்களோடு பார்த்தால் ரொம்பச் சின்னது. ஆனால் கோர்ட்டை ஒட்டின நல்ல இடம் காசு கொடுக்கிற பெரிய மனுஷங்களுக்கு இல்லை, மாணவர்களுக்கு. இளங்கலைப் பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் இலவசம். ஆட்டம் முடியும்வரை யாரும் உட்கார மாட்டாங்க. இவங்களுக்குப் பேரே 'கேமரன் கிரேஸிஸ்'. பத்து மைல் சுத்துவட்டாரத்தில் இருக்கும் பரம வைரி, சாப்பல் ஹில்லின் யு.என்.சி. வர்ற ஆட்டத்துக்கு முன்னாடி வாரக்கணக்கில் வெளியே கூடாரம் முளைக்கும். 1986-ல் ஆரம்பிச்ச பழக்கம். கோச் ஷஷெவ்ஸ்கி பேரில் அந்த இடத்துக்கு 'கே-வில்' என்று பேர்.

இப்போ முதல் குற்றச்சாட்டு. ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை. யார் எந்த ராத்திரி, யாருக்கு நாளைக்குப் பரீட்சை, யாருக்குக் காய்ச்சல் என்று அட்டவணை போட்டு முறை வச்சுப் படுக்கணும். மாணவர்களே 'லைன் மானிட்டர்' என்று நின்று, நேரம் காலம் சொல்லாமல் வந்து தலை எண்ணுவாங்க. ஆள் குறைஞ்சால் இடம் போகும். குளிர் அளவு மீறினால் அவங்களே வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. இதை நடத்துறது பிள்ளைங்கதான். நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷனில் இந்த ஒழுங்கு உண்டா, சொல்லுங்க :-)

இரண்டாவது, பணக்காரக் கூத்து. படிப்புக்கு வேணும்னா காசு வேணும், அந்த வரிசையில் காசு செல்லாது. எனக்கே தெரியும். 2005 ஆகஸ்டில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவன் நான். ஒரு மாசம் லேப், ரூம், ரைஸ் குக்கர். வாய்விட்டு யார்கிட்டேயும் பேசினது கிடையாது. செப்டம்பரில் முதுகலை மாணவர்களுக்கு 'கேம்ப்அவுட்' என்று ஒன்று நடக்கும். ஒரு வார இறுதி முழுக்க வெளியிலேயே கிடக்கணும், நடுராத்திரி சைரன் அடிச்சால் ஓடிப்போய் கையைக் காட்டணும். தாக்குப்பிடிச்சவங்க பேர் குலுக்கலுக்குப் போகும். சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்குத்தான் இத்தனையும். லேப்பில் ஒருத்தன் இழுத்துட்டுப் போனான். வாடகை லாரிக்குள்ளே ஏழு பேர், சீட்டுக்கட்டு, ஆறிப்போன பீட்சா. பாஸ்கெட்பாலில் ஒரு விதியும் தெரியாது எனக்கு. திங்கட்கிழமை லேப்புக்குப் போறப்போ ஆறு பேர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். அதுக்கு முன்னாடி ஊருக்குத் திரும்பிடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தவன் நான்.

மூணாவதுக்கு வருவோம். இதில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கு. 1984 ஜனவரியில் மேரிலாண்ட் வீரர் ஒருவர் மேல் இருந்த பாலியல் புகாரை வச்சு, இங்கே மாணவர்கள் பெண்கள் உள்ளாடைகளை எறிஞ்சு அசிங்கம் பண்ணினாங்க. அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்ட் 'அங்கிள் டெர்ரி' என்று கையெழுத்துப் போட்டு மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டனை மிரட்டல் இல்லை, பெரியப்பா கண்டிக்கிற தொனி. அடுத்து யு.என்.சி. வந்தபோது அதே கூட்டம் தலையில் தேவதை வளையம் மாட்டிக்கிட்டு நின்னது. நடுவர் தப்பாய் விசில் ஊதினால் பழைய கெட்டவார்த்தைக்குப் பதில், "தங்கள் கருத்திலிருந்து பணிவுடன் மாறுபடுகிறோம்" என்ற அர்த்தத்தில் கோஷம்! அந்தக் குறும்புதான் அப்புறம் இவங்க அடையாளமே ஆச்சு.

அதோடு எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். கூட்டத்தில் நின்றால் நாக்கு நம்ம பேச்சு கேட்காது. என் முதல் சீசனில் ஃப்ரீ த்ரோ போட நின்ற ஒரு பையனோட முகப்பருவைப் பத்தி நான் ஏதோ கத்தினேன். பக்கத்தில் நின்ற சீனியர் பொண்ணு தோளைத் தட்டி, "ஆட்டத்தைக் கிண்டல் பண்ணு, அவன் மூஞ்சியை விடு" என்றாள். இருபது வருஷமாச்சு, இன்னும் காது சுடுது. ஆனால் அதைச் சொல்லித் தந்ததும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். தனியா டிவி முன்னாடி உட்கார்ந்து திட்டியிருந்தால் என்னை யார் தட்டியிருப்பா?

இந்தக் கூட்டமே இல்லாத சீசனும் ஒன்று பார்த்தோம். 2020-21 கோவிட் சமயம் கேமரனில் மாணவர் வரிசை காலி. ட்யூக் 13 வெற்றி, 11 தோல்வி. 1995-க்கு அப்புறம் முதல் தடவையாக என்.சி.ஏ.ஏ. போட்டிக்கே போகலை. அனுபவமில்லாத அணி என்று வேற காரணங்களும் உண்டு. ஆனால் டிவியில் ஷூ தேயும் சத்தம் மட்டும் கேட்டப்போ, அரங்கம் குடோன் மாதிரி இருந்தது.

அன்னைக்கு சாயங்காலம் அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் பன்னிரண்டு பேருக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாங்க. அண்ணன் முறைச்சுக்கிட்டே கார் டிக்கியில் கம்பளியை வச்சார்.

பிப்ரவரி 1 ஆட்டம். இடைவேளையில் அண்ணன் போன். "எல்லாம் நீல மூஞ்சியா இருக்கு, எது நம்ம பொண்ணுன்னே தெரியலடா." ட்யூக் 87-70 என்று ஜெயிச்சது. ராத்திரி அவளைக் கூப்பிட்டேன். தொண்டை சுத்தமா போயிருந்தது.

"யாரையும் அசிங்கமா கத்தலையேம்மா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் கரகரன்னு, "ஒரு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு சித்தப்பா, முழுங்கிட்டேன்" என்றாள்.

அண்ணனோட மூணாவது கேள்விக்கு என்கிட்ட இருக்கும் பதில் இவ்வளவுதான். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?