ஒஸ்லோவின் கற்களைப் பார்க்கப் போகுமுன்...

ஒஸ்லோ என்ற பெயரை நமது தமிழ்ப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் எத்தனை தடவை அச்சிட்டிருக்கும் என்று எவராலும் கணக்கிட்டுவிட முடியாது. நோர்வேயின் அனுசரணையுடன் 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் ஒஸ்லோவில் நடைபெற்ற பேச்சுவார்த்தையில், சமஷ்டி முறையிலான தீர்வொன்றை ஆராய்வதற்கு இரு தரப்பும் இணங்கின. 2008 ஜனவரியில் உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் நடந்தவற்றை வாசகர்கள் அறிவர். அந்த ஆண்டுகளில் செய்தி மேசையில் இருந்த எனக்கு ஒஸ்லோ ஒரு நகரமாகத் தோன்றியதேயில்லை. அது ஒரு தலைப்புச் செய்தியாகவே இருந்தது.

அந்நகரத்துக்கு முதன்முறையாக எதிர்வரும் கோடையில் செல்லவிருக்கிறேன். எனது மூத்த சகோதரி அங்கு வாழ்கிறார். அத்தான் எண்பதுகளில் நோர்வேயின் வடகோடிக்குச் சென்று மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தவர். பின்னர் குடும்பத்துடன் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார். அக்காவைப் பார்ப்பது பயணத்தின் முதல் நோக்கம். விகெலாண்ட் சிற்பப் பூங்காவைப் பார்ப்பது இரண்டாவது.

உலகின் பெரிய திறந்தவெளிச் சிற்பக்கூடங்களுள் ஒன்று இது. குஸ்தாவ் விகெலாண்ட் (1869 - 1943) என்ற ஒரே கலைஞரின் கற்பனையில் உருவான இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள், கருங்கல்லிலும் வெண்கலத்திலும் இரும்பிலும் அங்கே நிற்கின்றன. நகரசபை அவருக்கு ஒரு வேலைக்கூடத்தையும் வசிப்பிடத்தையும் கட்டிக்கொடுத்தது. அதற்கு ஈடாக அவர் தமது படைப்புகள் அனைத்தையும் நகரத்துக்கே எழுதிக்கொடுத்தார். அந்தக் கட்டடமே பின்னர் அருங்காட்சியகமாயிற்று. அதன் கோபுரத்திலேயே அவரது அஸ்தி வைக்கப்பட்டுள்ளது. நோபல் சமாதானப் பரிசுக்கான பதக்கத்தை வடிவமைத்தவரும் இவரே என்பது பலர் அறியாத செய்தி. அதன் பின்புறத்தில் மூன்று ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்கிறார்கள். அவ்வளவுதான் அவர் கண்ட சமாதானம்!

பூங்காவுக்குப் போவதில் சிரமம் எதுவுமில்லை. நகர மையத்திலிருந்து 12ஆம் இலக்க ட்ராம் வண்டி வாயிலிலேயே இறக்கிவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. இரவு பகல் எந்நேரமும், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். பெரிய வாயிலிலிருந்து மறுகோடியிலுள்ள வாழ்க்கைச் சக்கரம் வரை சுமார் 850 மீற்றர் நேர்கோட்டு நடை. முதலில் வருவது பாலம். அதன் இருமருங்கிலும் 58 வெண்கல உருவங்கள். காலை உதைத்து அழும் கோபக்காரச் சிறுவன் அங்கேதான் நிற்கிறான். வருவோர் போவோர் எல்லாம் பற்றிப் பற்றி அவனது கை பொன்னிறமாகத் தேய்ந்துவிட்டதாம். சிலைகளைச் சுற்றி வேலியடைத்துக் காவல் போடும் நாட்டிலிருந்து செல்பவனுக்கு இது ஒரு வியப்பே.

பாலத்தைக் கடந்தால் நீரூற்று. அதனைச் சூழ 20 மரங்கள், ஒவ்வொரு மரத்தின் கிளைகளுக்குள்ளும் மனிதர்கள். குழந்தைப் பருவத்தில் தொடங்கி மரணம் வரை அந்த வரிசை செல்கிறது. அதற்கப்பால் படிகள் உயர்கின்றன. படிகளின் மீது 36 கருங்கற் சிற்பத் தொகுதிகள். அவற்றுள் ஒன்றில், தாயொருத்தி கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குதிரையாகிறாள். முதுகில் ஏறிய இரு பிள்ளைகள் அவளது வாயில் கடிவாளம் மாட்டியிருக்கிறார்கள். நம் வீட்டு முற்றங்களில் நாம் காணாத காட்சியா இது? எல்லாவற்றுக்கும் நடுவே, உச்சியில், மொனோலித் எனப்படும் ஒற்றைக்கல் தூண்.

பீடத்துடன் சேர்த்து அதன் உயரம் சுமார் 17 மீற்றர். ஒரே கல்லில் 121 மனித உடல்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, பின்னிப் பிணைந்து, சில மேலே ஏறுவன போலவும் சில துவண்டு கிடப்பன போலவும் அவை தோன்றுகின்றன. உச்சியில் குழந்தைகள். களிமண்ணில் 1925 அளவில் விகெலாண்ட் இதனைச் செய்து முடித்தார். பின்னர் மூன்று கற்சிற்பிகள் 1929 முதல் 14 ஆண்டுகள் அதைக் கல்லில் செதுக்கினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1943 மார்ச்சில், விகெலாண்ட் இறந்துபோனார்.

எங்கள் பயணத் திட்டம் தடைப்பட்டு நிற்பது இந்தத் தூணின் அடியில்தான்.

தொலைபேசியில் அக்கா சொன்னார்: "தண்ணியடி வரைக்கும் நானும் வாறன் தம்பி. அதுக்கு மேலை ஏறமாட்டன்."

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் படிகளில் அவர்களுடன் விளையாடியவர் அவர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அத்தானின் தங்கையும் அவளது இரு பிள்ளைகளும் மாண்டனர். உடல்கள் கிடைக்கவில்லை. அவ்வாண்டு கோடையில் ஒருநாள் வழமைபோல் மேலே ஏறிய அக்கா, தூணை நிமிர்ந்து பார்த்துவிட்டு இறங்கியவர்தான். அதன் பின் இன்றுவரை ஏறியதில்லை. தூணில் என்ன கண்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை.

விகெலாண்ட் எண்ணியது அதுவல்ல என்று அவருக்கு நான் விளக்கலாம். விண்ணை நோக்கிய மனித வேட்கை என்றும், உயிர்த்தெழுதல் என்றும் அறிஞர்கள் சொன்னவற்றை எடுத்துக்காட்டலாம். ஆனால் தமது சிற்பங்களுக்கு விளக்கம் தருவதில் அந்தக் கலைஞருக்கே நாட்டமிருக்கவில்லை. அங்கு எந்த மன்னனும் இல்லை, தளபதியும் இல்லை. எந்த உருவமும் ஒரு குறிப்பிட்ட காலத்து உடையை அணிந்திருக்கவில்லை. எல்லாரும் நிர்வாணமாகவே நிற்கிறார்கள். எனவே பார்ப்பவர் தமக்குரியவர்களை அங்கே காண்கிறார்.

நோர்வேஜியர்களுக்கும் இது நேர்ந்திருக்க வேண்டும். 1944 நத்தாரின்போது, நாடு ஜேர்மனியரின் பிடியில் இருந்த வேளையில், தூணைச் சுற்றியிருந்த மரக்கொட்டகைக்குள் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர். 1 இலட்சத்து 80 ஆயிரம் பேர் திரண்டு வந்து பார்த்தார்கள். போர்க்காலக் குளிரில் அந்த உடல்களை அண்மையில் நின்று பார்த்தவர்களின் நெஞ்சில் எவரெவர் முகம் தோன்றியிருக்கும்!

நமது நாட்டில் துயரத்துக்கும் ஒரு கல் வேண்டியிருக்கிறது. அக்கல்லில் பெயரைப் பொறித்தால் அது நிலைப்பதில்லை. துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடித்துத் தள்ளப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதால் அதே ஆண்டிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. அத்தானின் தங்கைக்கு ஊரில் ஒரு பூ வைக்கவும் இடமில்லை. எவரது பெயரும் பொறிக்கப்படாத ஓர் அந்நியக் கல், அக்கா விரும்பாமலே, அவளுக்கான இடமாகிவிட்டது. அதன் அருகே செல்ல அக்காவால் முடியவில்லை என்பதுதான் கொடுமை.

ஆகவே திட்டத்தை இவ்வாறு வகுத்திருக்கிறேன். முதல்நாள் பிற்பகலில் அக்காவுடன் ட்ராமில் சென்று பாலத்தையும் நீரூற்றையும் பார்ப்பது. அங்கே ஓர் இருக்கையில் அமர்ந்து, அவர் கொண்டுவரும் தேநீரைக் குடித்துவிட்டு வீடு திரும்புவது. மேலே வாருங்கள் என்று நான் அழைக்கப் போவதில்லை.

இரண்டாவது தடவை நான் தனியே செல்வேன். ஜூனில் ஒஸ்லோவில் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் உதித்துவிடும். சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் படியேறி, தூணின் அடியில் சற்றுநேரம் நிற்க வேண்டும். கமெராவைக் கொண்டுசெல்வதாக இல்லை. அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "வெள்ளாப்போடை வெளிக்கிடுவம், நானும் வாறன்" என்றார்.