கேள்வி கேட்கிற குரங்குகள்

1968இல் வந்த 'பிளனட் ஒஃப் தி ஏப்ஸ்' படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கடைசிக் காட்சியைத்தான் சொல்வார்கள். கடற்கரை மணலில் பாதி புதைந்து நிற்கும் சுதந்திர தேவி சிலை. படத்தைப் பார்க்காமலே அந்தக் காட்சியைத் தெரிந்து வைத்திருக்கிற தலைமுறை நாங்கள். ஆனால் ஹொஸ்டலில் ஆறு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து முழுப் படத்தையும் பார்த்து முடித்தபோது, சிலையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. விடியும்வரை கதைத்தது நடுவில் வருகிற விசாரணையைப் பற்றி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெய்லர் என்ற விண்வெளி வீரரின் கலம் ஒரு ஏரியில் விழுகிறது. அவரோடு இரண்டு பேர் தப்பிக் கரையேறுகிறார்கள். அந்த உலகத்தில் மனிதர்கள் பேச்சில்லாமல் மந்தையாகத் திரிகிறார்கள். குரங்குகள் குதிரையில் துவக்கோடு வந்து அவர்களை வேட்டையாடுகின்றன. டெய்லருக்குத் தொண்டையில் காயம், குரல் போய்விடுகிறது. பிடித்துக் கொண்டுபோய்க் கூட்டில் அடைக்கிறார்கள்.

குரங்குகள் என்றால் எல்லாம் ஒன்றில்லை. ஒராங்குட்டான்களிடம் ஆட்சியும் சமயமும் சட்டமும் இருக்கின்றன. கொரில்லாக்கள் படையும் பொலிசும். சிம்பன்சிகள் ஆராய்ச்சி செய்கிறவர்கள், படித்தவர்கள், ஆனால் முடிவெடுக்கிற இடத்தில் இல்லாதவர்கள். உடுப்பின் நிறத்திலிருந்தே யார் எது என்று தெரிந்துவிடும். இதைப் பற்றி ஒரு கதை உண்டு. படப்பிடிப்பில் சாப்பாட்டு நேரம் வந்தால், வேடத்தைக் கழற்றாமலே கொரில்லாக்கள் ஒரு மேசை, சிம்பன்சிகள் இன்னொரு மேசை, ஒராங்குட்டான்கள் வேறொரு மேசை என்று நடிகர்கள் தாங்களாகவே பிரிந்து இருந்தார்களாம். அப்படி இருக்கச் சொல்லி ஒருத்தரும் கட்டளை போடவில்லை என்று படத்தில் நடித்தவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள்.

டெய்லருக்குக் குரல் திரும்பிவந்த பிறகுதான் அந்த விசாரணை நடக்கிறது. முதலில் அவருடைய உடுப்பைக் கழற்றுகிறார்கள். மனிதருக்குச் சட்டத்தில் உரிமை இல்லை, அதனால் அவருக்காக வாதாடவும் இடமில்லை என்கிறார்கள். பிறகு அரச தரப்பில் நிற்கிற ஒராங்குட்டான் கேட்கிறது: எங்கள் வேதத்தின் இரண்டாவது கட்டளை என்ன? வேறு உலகத்திலிருந்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் தெரியாது என்கிறார். பார்த்தீர்களா, இதற்குச் சிந்திக்கத் தெரியாது என்று அதையே சாட்சியாக வைக்கிறார்கள். ஸீரா என்ற பெண் சிம்பன்சியும் அவருடைய வருங்காலக் கணவர் கொர்னீலியஸும் எழும்பி வாதாடுகிறார்கள். அப்போது மூன்று நீதிபதிகளில் ஒருவர் கண்ணை மூடுகிறார், ஒருவர் காதை, ஒருவர் வாயை. தியேட்டரில் சிரிப்பு வந்திருக்கக்கூடிய இடம். எங்களுக்கு வரவில்லை.

உண்மையான விசாரணை அதற்குப் பிறகு, மூடிய அறைக்குள் நடக்கிறது. டொக்டர் ஸேயஸ், விஞ்ஞான அமைச்சர், அதே நேரத்தில் சமயத்தின் காவலர். இந்த இரண்டு பதவியும் ஒரே ஆளிடம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பு ஏற்கனவே முடிவாகிவிட்டது என்று அவர் டெய்லரிடம் நேரடியாகவே சொல்கிறார். நீ எங்கிருந்து வந்தாய், உன் கூட்டம் எங்கே இருக்கிறது, சொன்னால் தப்பலாம். இல்லாவிட்டால் ஆண்மை நீக்கமும் மூளையில் கத்தியும். கூட வந்த ஒருவருக்கு அந்தச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. வெறித்த கண்ணோடு நிற்கிற அவரை நாங்கள் ஏற்கனவே பார்த்தாயிற்று.

நாங்கள் சண்டை பிடித்தது இந்த இடத்தில். சபையில் டெய்லரை மிருகம் என்று சொன்ன அதே ஸேயஸ் அறைக்குள் மனிதனோடு கதைப்பதுபோலக் கதைக்கிறார். மிருகத்திடம் யாராவது உன் கூட்டம் எங்கே என்று கேட்பார்களா? அப்படியென்றால் அவருக்கு உண்மை தெரியும். உண்மையைத் தேடுகிற விசாரணை அறைக்குள்ளே, உண்மையை மறைக்கிற விசாரணை சபையிலே. "அப்ப மூண்டு பேரும் கண்ணை மூடினது சும்மா நடிப்போ?" என்று ஒரு நண்பன் கேட்டான். நடிப்பென்று சொல்லிவிட முடியவில்லை. மற்ற இருவரும் பார்க்க விரும்பவில்லை, அந்த மூவரில் ஒருவரான ஸேயஸ் பார்த்துவிட்டார். ஒராங்குட்டான்களுக்குள்ளேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

இந்தக் கதையை முதலில் எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். நாவல் 1963இல் வந்தது. அவருடைய சொந்தக் கதையை வாசித்தபோது எங்களுக்கு விசாரணைக் காட்சி இன்னும் கனத்தது. 1930களில் மலாயாவில் இறப்பர்த் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். யுத்தம் வந்ததும் படையில் சேர்ந்தார். 1940இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்தபோது பிரெஞ்சுக்காரர் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசு, மறுபக்கம் டி கோலின் சுதந்திர பிரான்ஸ். இந்தோசீனாவை ஆண்ட பிரெஞ்சு நிர்வாகம் விஷி பக்கம் நின்றது. பூல் டி கோலின் பக்கம். இரகசிய வேலையாக இந்தோசீனாவுக்குள் போனவர், 1942இல் பிடிபட்டார். பிடித்தது ஜப்பானியரோ ஜெர்மனியரோ இல்லை, பிரெஞ்சுக்காரர். அவருடைய மொழியிலேயே விசாரித்து, ஆயுட்காலக் கடூழியத் தண்டனை கொடுத்தார்கள். 1944இல்தான் தப்பினார்.

தன்னுடைய ஆட்களாலேயே துரோகி என்று விசாரிக்கப்பட்ட ஒரு படையாள், இருபது வருடத்துக்குப் பிறகு, பிரிந்து கிடக்கிற குரங்குகளுக்கு நடுவே அகப்பட்ட மனிதனைப் பற்றி எழுதுகிறார். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அடித்துச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் தொடர்பே இல்லையென்றும் எங்களால் வாசிக்க முடியவில்லை.

இன்னொன்று. நாவலில் இந்த விசாரணையே இல்லை. அதில் கைதி விஞ்ஞானிகளின் மாநாட்டில் எழும்பிப் பேசுகிறான். கூட்டம் ஆரவாரிக்கிறது, விடுதலை கொடுக்கிறது. நன்றாகப் பேசினால் கேட்பார்கள் என்று பூலின் நாவல் அந்த இடத்தில் நம்புகிறது. படத்தில் அந்தக் கைதட்டல் போய், விசாரணை மன்றம் வந்துவிட்டது. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் மைக்கல் வில்சன். 1951இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க காங்கிரஸ் குழு இவரை அழைத்து விசாரித்தது. பதில் சொல்ல மறுத்தார். ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது. பிறகு பூலின் இன்னொரு நாவலான 'குவாய் ஆற்றுப் பாலம்' 1957இல் படமானபோது திரைக்கதையை எழுதிய இரண்டு பேரில் இவரும் ஒருவர், ஆனால் பெயர் போடவில்லை. அந்தத் திரைக்கதைக்கான ஒஸ்கார், அதை எழுதாத பூலின் பெயருக்குப் போனது. வில்சன் 1978இல் இறந்தார். விருதில் அவர் பெயரைச் சேர்த்தது 1984இல். நன்றாகப் பேசினால் கேட்பார்கள் என்பதை வில்சன் நம்பியிருப்பாரா?

குவாய் என்றதும் எங்களுக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். அந்தச் சயாம் – பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். நாவலும் படமும் அவர்களைப் பற்றியவை. ஆனால் கைதிகளைவிடப் பல மடங்கு கூடுதலாக அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் பெருந்தொகையானோர் மலாயா இறப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர். செத்தவர்களும் அவர்களில்தான் கூட. தோட்டத்தில் பூல் தினமும் பார்த்திருக்கக்கூடிய சனம். படையாளைப் பிடித்தால் பெயர், பதவி, எந்தப் படை என்று கேட்பார்கள், எழுதி வைப்பார்கள். கூலியிடம் அதைக்கூடக் கேட்பதில்லை. குரங்குப் படத்திலும் அப்படித்தான். டெய்லரோடு அதே கூடுகளில் அடைபட்ட பேச்சில்லாத மனிதர்கள் ஒருத்தரும் சபையில் விசாரிக்கப்படவில்லை. விசாரிக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

சரி, ஸீரா? எங்கள் அறையில் எல்லாருக்கும் பிடித்தது அவரைத்தான். டெய்லர் உயிர் தப்புவதற்குக் காரணம் குரங்குகளுக்குள் இருந்த அந்தப் பிளவுதான். எல்லாக் குரங்கும் ஒரே மாதிரி யோசித்திருந்தால் படம் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். ஆனால் பிளவின் விலையைக் கட்டுகிறவர்கள் சிம்பன்சிகள். கடைசியில் ஸீரா மீதும் கொர்னீலியஸ் மீதும் சமய விரோதக் குற்றம் வருகிறது.

1971இல் வந்த மூன்றாவது படமான 'எஸ்கேப் ஃப்ரொம் தி பிளனட் ஒஃப் தி ஏப்ஸ்' இதை மறுபக்கம் திருப்புகிறது. இப்போது ஸீராவும் கொர்னீலியஸும் மனிதர்களின் காலத்துக்கு வந்து விழுகிறார்கள். கேள்வி கேட்பது நாங்கள், மனிதர்கள். நாங்களும் பிரிந்துதான் நிற்கிறோம். அவர்களைக் காப்பாற்றத் துடிக்கிற இரண்டு விலங்கு உளவியலாளர்கள் ஒரு பக்கம், எதிர்காலத்துக்கு ஆபத்து என்று பயப்படுகிற ஒரு விஞ்ஞானி மறுபக்கம். மருந்தேற்றி வாயைத் திறக்க வைக்கும்போது ஸீரா ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: தான் மனிதர்களை வெட்டி ஆராய்ந்திருக்கிறேன் என்று. நாங்கள் நேசித்த அதே ஸீரா. முதல் படத்திலேயே கூட்டில் அடைபட்ட மனிதர்களை ஆராய்வதுதான் அவருடைய வேலை. டெய்லர் பேசுகிறவர் என்பதால் அவருக்காக அழுதார். பேசாதவர்களுக்குக் கத்தி வைத்திருந்தார்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறோம் என்றால், அடுத்த மாதம் எங்கள் பீடத்துக்குப் புது பச் வருகிறது. நாங்கள் சீனியர் ஆகிறோம்.

முதலாம் வருடத்தில் எங்களிடம் கேட்ட கேள்விகள் எங்களுக்கு இன்னும் பாடம். பேர் என்ன, எந்த ஊர், எந்த ஸ்கூல் என்று தொடங்கும். பிறகு பீடத்தின் சட்டங்கள் என்ன என்று கேட்பார்கள். அந்தச் சட்டங்களை அதுவரை ஒருத்தரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தெரியாது என்றால் அதுதான் குற்றம். சிரித்தால் "என்ன பல்லைக் காட்டுறாய்", சிரிக்காவிட்டால் "என்ன முறைக்கிறாய்". பேர் கேட்டவர்கள் அந்தப் பேரை ஒரு நாளும் கூப்பிடவில்லை, தாங்கள் வைத்த பட்டப்பெயரைத்தான் கூப்பிட்டார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் எங்கள் எல்லாரையும்விட வயதில் மூத்தது. ஆனாலும் அந்தக் கேள்விகள் இருந்தன.

அங்கேயும் மூன்று கூட்டம் இருந்தது. கத்துகிறவர்கள். கத்தாமல், இது எங்கட மரபு என்று விளக்குகிறவர்கள். பின்னால் நின்று நிலத்தைப் பார்க்கிறவர்கள். அந்த மூன்றாவது கூட்டத்தில் இருந்து ஒரு அக்கா ஒருநாள் நூலகப் படியில் எங்களைக் கண்டு, "பிள்ளையள், நாளைக்குக் கன்டீன் பக்கம் வராதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா. அவ்வளவுதான் சொன்னது. யாரோ பார்த்துவிட்டார்கள். பிறகு மாசக்கணக்கில் அவவோடு அவவின்ட பச்சில் ஒருத்தரும் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் நாங்கள் கன்டீனுக்குப் போகவில்லை.

போன கிழமை எங்கட பச் கூடிக் கதைத்தபோது ஒருவன் சொன்னான்: "எங்களுக்கு நடந்தது அவங்களுக்கும் நடக்கோணும். அப்பதான் பச் ஒற்றுமையா இருக்கும்." இன்னொருத்தி, உடம்பில் கை வைக்காவிட்டால் பகிடிவதை இல்லை என்று விளக்கம் கொடுத்தாள். சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். பூலைப் பிடித்தவர்களும் பூலும் ஒரே மொழி பேசினார்கள் என்பதை அப்போது நினைத்துக்கொண்டோம். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. பிறகு எங்களில் ஒன்பது பேர் தனியாக இருந்து கதைத்தோம். கேள்வி கேட்கிற வரிசையில் நாங்கள் நிற்கப் போவதில்லை, பின்னால் நின்று நிலத்தைப் பார்க்கப் போவதும் இல்லை. புதுப் பிள்ளைகள் வந்து இறங்குகிற அன்று வாசலில் நிற்பதாக முடிவு. கதைக்கத் தெரிந்த பிள்ளைக்கும் வாயே திறக்காத பிள்ளைக்கும் சேர்த்து.

எங்கட பச்சில் சிலர் கதையை நிறுத்துவார்கள், அது தெரியும்.

படத்தில் ஸீரா கூட்டில் இருந்தவருக்குத் தானாக ஒரு பேர் வைத்திருந்தார். அவர் ஸீராவின் கொப்பியைப் பறித்து, என் பெயர் டெய்லர் என்று எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. நாங்களும் அடுத்த மாதம் வாசலில் நின்று பேர் கேட்கத்தான் போகிறோம். சொல்கிற பேரை ஒழுங்காகக் கேட்டு, அந்தப் பேரையே கூப்பிடுவோம்.