எந்த ரவை?

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு என் தங்கையின் மகன் ஹூஸ்டன் நகரிலிருந்து வந்திருந்தான். இருபது ஆண்டுகளாக அமெரிக்காவில் வாழ்பவன். இரவுச் சாப்பாடு முடிந்து முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்திருந்தபோது, அங்கே தான் வெளியே போகும்போதெல்லாம் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பதாகச் சொன்னான். "அதுக்கு எந்த ரவை போடுறதெண்டு முடிவெடுக்கவே எனக்கு மூண்டு மாதம் எடுத்தது, மாமா" என்றான்.

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். துவக்கு என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து போவது அவளுடைய வழக்கம்.

டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டெம்பர் முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத இருபத்தொரு வயது நிரம்பியவர் அனுமதிப்பத்திரம் பெறாமலே கைத்துப்பாக்கி கொண்டு திரியலாம். எனவே ரவையைத் தெரிவுசெய்வது அங்கே சப்பாத்துத் தெரிவுசெய்வதைப் போன்ற ஒரு வீட்டுக் காரியம். மருமகன் விளக்கமாகவே சொன்னான். செம்பு உறை முழுதாகப் போர்த்த ரவை உடலைத் துளைத்து மறுபக்கத்தால் வெளியேறிவிடும். முனையில் குழி விட்ட ரவை ஈரமான தசைக்குள் நுழைந்ததும் பூப்போல் விரிந்து, வேகம் இழந்து, உள்ளேயே தங்கிவிடும். தற்காப்புக்கு இரண்டாவதுதான் ஏற்றதாம். தடித்த உடுப்பின் நூல் குழியை அடைத்துக்கொண்டால் அது விரியாமலும் போகலாம். சில துப்பாக்கிகள் அந்த முனையை விழுங்காமல் சிக்கிக்கொள்ளும். ஆகவே அதே துப்பாக்கியில் அதே ரவையைப் பல தடவை சுட்டுப் பார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

1986 ஏப்ரல் 11ஆம் திகதி மயாமியில் இரண்டு கொள்ளையருடன் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர் இருவர் உயிரிழந்தனர். கொள்ளையரில் ஒருவனின் மார்புக்குள் புகுந்த ரவை இருதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டான். அதன் பிறகே, உடற்தசையை ஒத்த ஜெலட்டின் கட்டியில் ரவை 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மேற்படாமலும் செல்ல வேண்டும் என்ற அளவுகோல் அங்கே பிறந்தது. அவன் இதையெல்லாம் ஒப்புவித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே பாடத்தை, ஜெலட்டின் இல்லாமல், 2006ஆம் ஆண்டு இதே முற்றத்தில் நான் கேட்டிருந்தேன்.

அந்த ஆண்டு மே 2ஆம் திகதி மாலை 'உதயன்' அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டார்கள். இறந்த இருவரும் செய்தி எழுதுபவர்கள் அல்லர். விற்பனை, விநியோகப் பகுதிகளில் பணியாற்றியவர்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். யுனெஸ்கோவின் விழா கொழும்பில் நடைபெற இருந்தது. உதயனின் ஆசிரியர் கானமயில்நாதன் அலுவலகத்தையே வீடாக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியிருந்ததைப் பலர் அறிவீர்கள். 2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் கமரூன் வந்தபோது அவருக்குக் காட்டப்பட்டவற்றுள், மறைக்காமல் விட்டுவைத்த அந்தச் சூட்டுத் தடங்களும் அடங்கும்.

நான் அப்போது கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு இங்கிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் தொலைபேசியில் மிரட்டல் வந்தது. கொழும்பில் செல்வாக்குள்ள ஒரு பிரமுகர், தற்காப்புக்கு ஒரு பிஸ்டலும் அதற்குரிய அனுமதிப்பத்திரமும் எடுத்துத் தருவதாகச் சொல்லியனுப்பினார். மறுக்கும் நிலையில் நான் இல்லை. உண்மையைச் சொன்னால், ஆசைதான் பட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். தெற்கில் நெடுங்காலம் கடமையாற்றியவர்; இன்று இல்லை. அவரிடம் போய், எந்த ரவை நல்லது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னோடு நடந்து வந்து, இந்த முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"உம்மட படலைக்கு நேர என்ன இருக்கு?"

"கிடுகு வேலி, அண்ணை."

"வேலிக்கு அங்கால?"

"அவையின்ர குசினி. பிள்ளையள் அங்கதான் படுக்கிறவை."

"அப்ப ரவையைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றார்.

ரவை எதில் படுகிறது என்பதைவிட எங்கே போய் நிற்கிறது என்பதையே பொலிஸ்காரன் முதலில் யோசிப்பான் என்பது அவர் கருத்து. போர்வீரனுக்கு அந்தக் கவலை குறைவு. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம் டம் ஆயுதச்சாலையில் 1890களில் ஆங்கிலேயர் செய்த விரியும் ரவைகளை, 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போருக்கு ஆகாதவை என்று தடைசெய்தன. பிரித்தானியா முதலில் எதிர்த்து 1907இல் இணங்கியது. போர்க்களத்தில் கொடுமை என்று விலக்கிய அதே வகையை, பின்னால் நிற்பவனைக் காப்பாற்றும் என்பதற்காகப் பல நாட்டுப் பொலிஸார் இன்று விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். இந்த முரணை நான் பல தடவை யோசித்ததுண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

சார்ஜன்ட் அண்ணை கேட்ட இரண்டாவது கேள்வி என்னைக் கூடுதலாகக் குடைந்தது. "இதை எங்க வைச்சுக்கொண்டு போகப் போறீர்?" இடுப்பில், சட்டைக்குள் என்றேன். என் வீட்டிலிருந்து அலுவலகம் போகும் வழியில் அப்போது நான்கு சோதனைச் சாவடிகள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் ஒரு தமிழனின் சட்டைக்குள் கையைவிட்ட பத்தொன்பது வயதுச் சிப்பாய்க்கு இரும்பு தட்டுப்பட்டால், அவன் அனுமதிப்பத்திரத்தை வாசிக்கும்வரை பொறுத்திருப்பானா? ஹூஸ்டனில் மறைத்து வைப்பது ஒரு பாதுகாப்பு. யாழ்ப்பாணத்தில் மறைத்து வைத்தது அகப்படும் கணமே ஆபத்து. சாவடிக்காக வெளியே தெரியக் கட்டிக்கொண்டு போனாலோ, மற்றத் தரப்பார் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் இருந்தது. 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், பிபிசி செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுடப்பட்டார். வீட்டுக்குள் கைக்குண்டும் வீசப்பட்டது. பெற்றோரும் ஒரு சிறுவனும் காயப்பட்டனர். அவருடைய மேசையில் உலகிலேயே சிறந்த ரவை நிரப்பிய துப்பாக்கி இருந்திருந்தாலும் என்ன பயன்? இங்கே கொல்ல வருகிறவன் தெருவில் எதிரே நின்று சவால் விடுகிறவன் அல்லன். ஊரடங்கில் நடமாடும் வசதி உள்ளவன்.

பிரமுகருக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அதைத் துணிவு என்று எவரும் எண்ண வேண்டாம். அடுத்த சில மாதங்களில் அந்த முடிவுக்காகப் பல இரவுகள் வருந்தியிருக்கிறேன்.

அவற்றுள் ஓர் இரவு மறக்கவில்லை. 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு, ஏ9 பாதை மூடப்பட்டு, குடாநாடு தனித்துப்போயிருந்த காலம். ஊரடங்கு, மின்சாரமும் இல்லை. நாய் குரைத்தது. கிடுகு சரசரத்தது. யாரோ முற்றத்தில் நடக்கிறார்கள். நான் கட்டிலுக்குக் கீழே இறங்கிவிட்டேன். கையில் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிடம் மனம் அழுதது. இருந்திருந்தால் கதவைத் திறக்குமுன் சுட்டிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ஐயா, ஐயா" என்று மெல்லிய குரல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெடியன். தங்கச்சிக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, பனடோல் இருக்கிறதா என்று கேட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்திருந்தான். பதினான்கு வயது. சார்ஜன்ட் அண்ணை எண்ணிப் பார்த்த அந்தக் குசினியில் படுக்கும் பிள்ளைகளில் மூத்தவன்.

மருமகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க நிலைமை வேற, மாமா" என்றான். நான் மறுக்கவில்லை. அவனுடைய கார்த் தரிப்பிடத்தில் நள்ளிரவில் நின்றவன் நான் அல்லன். இலங்கையில் 2024இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென்று தனியாட்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். அவன் வியந்தான்.

மறுநாள் காலை நான் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து எட்டிப் பார்த்தான். "ஜன்னலடியில நல்ல வெளிச்சம் இருக்கே, ஏன் மாமா இந்த இருட்டு விறாந்தைக்குள்ள மேசையைப் போட்டிருக்கிறியள்?" என்று கேட்டான். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி, நிமலராஜன் இறந்த மறுநாளே தான்தான் அதை இழுத்துப் போட்டதாகச் சொன்னாள்.